பெரியவர்களுக்கு போன் பழக்கும்போது

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பெரியவர்களுக்கு முதலில் பழக்குவது தொடுவதை. அழுத்திப் பிடித்தால் ஐகான் இடம் மாறும், சில சமயம் அழிந்தே போகும். பட்டும் படாமல் தொட வேண்டும். இதற்கே ஒரு மணி நேரம் போகும், போகட்டும். "குடுங்கப்பா, நானே பண்றேன்" என்று போனைப் பிடுங்கிவிடாதீர்கள். அப்புறம் கேட்கவே மாட்டார்கள்.

நவம்பர் வந்தால் பென்ஷன்காரர்களுக்கு, உயிரோடு இருக்கிறோம் என்று காட்டும் உயிர்வாழ் சான்றிதழ் கவலை. அதற்குக் கைரேகை வைக்கப் போனால், உழைத்துத் தேய்ந்த விரலில் ரேகை விழாது. இப்போது அரசின் ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டியே பதியலாம். ரிட்டயர்டு டீச்சரம்மா ஒருவர் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் முகம் துடைத்து, செயலி கேட்டபடி கண்ணைச் சிமிட்டித் தானே முடித்தார். பக்கத்து நாற்காலிக்காரருக்கும் அவரே சொல்லிக்கொடுத்தார். எனக்கு அன்றைக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

இதை மட்டும் பெரிய எழுத்தில் எழுதியே கொடுத்துவிடுகிறேன்: பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் (ரகசிய எண்) தேவையில்லை, கேட்டால் அவன் திருடன். வீடியோ காலில் போலீஸ் யாரையும் கைது செய்யாது. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் செய்யுங்கள்.

வீட்டில் திட்டுவார்களே என்று பயந்து மறைக்கிற நேரத்தில்தான் பணம் கை மாறிவிடுகிறது. அதனால் திட்டாதீர்கள்.

வரும் ஞாயிறும் வகுப்பு உண்டு. அம்மா அப்பாவின் போனில் சார்ஜ் போட்டு அனுப்பிவையுங்கள்.