சைலன்சர் டிப்: கரி போனால் மட்டும் போதாது

காரின் புகைக்குழாய் வெளியே முடிகிற நுனிதான் சைலன்சர் டிப். அதில் கரி படிந்திருப்பது பார்க்க அசிங்கம், அவ்வளவுதான். சென்னையில் டிப்பை உண்மையில் தின்பது உப்பு. பெசன்ட் நகர், திருவான்மியூர், நீலாங்கரைப் பக்கம் வெளியில் நிற்கிற கார்களில் நல்ல ஸ்டெயின்லெஸ் டிப்பிலும் டீக்கறை மாதிரி பழுப்புப் புள்ளிகள் வருவது இதனால்தான். கடல் காற்றில் வரும் குளோரைடு, ஸ்டீலைக் காக்கும் குரோமியம் ஆக்ஸைடு படலத்தை ஊசிமுனை அளவில் துளைக்கிறது. கரி ஈரத்தைப் பிடித்து வைத்து அதற்குத் துணை போகிறது.

முதலில் டிப் எதனால் ஆனது என்று பாருங்கள். ஒரு காந்தம் போதும். ஒட்டவில்லை என்றால் பெரும்பாலும் 304 வகை ஸ்டெயின்லெஸ். கெட்டியாக ஒட்டினால் குரோம் பூசிய இரும்பாகவோ, 409, 430 வகை ஸ்டெயின்லெஸ்ஸாகவோ இருக்கும். குரோம் பூச்சு நீலம் கலந்த கண்ணாடிப் பளபளப்பில் தெரியும். கெட்டுப்போனால் கொப்புளம் விட்டு உரியும். தட்டினால் பிளாஸ்டிக் சத்தம் வருகிறதா? அது பம்பரில் வைத்த அலங்காரம். நிஜக் குழாய் உள்ளே கீழ்நோக்கி வளைந்திருக்கும். அந்த பிளாஸ்டிக் அலங்காரத்துக்கு ஷாம்பு மட்டும்தான். கருப்புப் பூச்சு டிப்புக்கும் அதே விதி, பாலிஷ் பக்கமே போகக்கூடாது.

வண்டியை நிறுத்தி ஒரு மணி நேரமாவது ஆன பிறகே கை வையுங்கள். கையுறை அவசியம், புகைக்கரி தோலுக்கு நல்லதல்ல. குழாய்க்குள் ஒரு பழைய துணியைத் திணியுங்கள். பளிச்சென்ற நிறத்தில், வால் வெளியே தொங்குகிற மாதிரி இருந்தால் எடுக்க மறக்காது. கார் ஷாம்புவால் ஒருமுறை கழுவிவிட்டு, ஆல் பர்ப்பஸ் கிளீனரை ஒன்றுக்குப் பத்து என்று தண்ணீர் கலந்து தெளியுங்கள். மூன்று நான்கு நிமிடம் ஊறினால் போதும். மே மாத வெயிலில் செய்தால் ஊறுவதற்குள் காய்ந்து அதுவே கறையாகிவிடும், நிழலில் செய்யுங்கள். வெளிப்பக்கத்துக்குப் பழைய டூத் பிரஷ், உள்பக்கத்துக்குப் பாட்டில் கழுவும் பிரஷ்.

நிறைய பேர் இங்கேதான் சொதப்புகிறார்கள். டாய்லெட் கிளீனர் ஊற்றினால் கரி நொடியில் போகும், உண்மைதான். அதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. கூடவே குரோமும் போகும், ஸ்டெயின்லெஸ்ஸில் குழி விழும். பித்தளைக் குத்துவிளக்குக்குச் செய்கிற மாதிரி எலுமிச்சையில் உப்பைத் தொட்டுத் தேய்ப்பது, கடல் காற்று செய்வதை நாமே கையால் செய்வது. பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் கீறல் போடும். பச்சை ஸ்கிரப்பரும் அப்படித்தான்.

0000 ஸ்டீல் உல் (மிக மெல்லிய இரும்பு நார்) பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குரோம் மேல் லேசான துரு இருந்தால், இரண்டு சொட்டு எண்ணெயோடு மெதுவாகத் தேய்க்க அது அருமையான பொருள். ஆனால் அது சாதா இரும்பு. ஸ்டெயின்லெஸ்ஸில் தேய்த்தால் அதன் துகள்கள் ஒட்டிக்கொண்டு, சில நாளில் அவையே துருப்பிடிக்கும். ‘ஸ்டெயின்லெஸ்னு சொல்லி ஏமாத்திட்டான்’ என்று கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் இதை யோசியுங்கள். ஸ்டெயின்லெஸ்ஸுக்கு மைக்ரோஃபைபர் துணியும் மெட்டல் பாலிஷும் போதும்.

பாலிஷ் பட்டாணி அளவு எடுத்து, வட்டத்தின் போக்கிலேயே, ஒரு சமயம் இரண்டு மூன்று அங்குலம் மட்டும் தேய்த்து, காய்வதற்குள் வேறு துணியால் துடையுங்கள். துணி கருப்பாவது இயல்பு. குழி ஆழமாக இருந்தால் 800, 1500, 2000 நம்பர் என்ற வரிசையில் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துவிட்டுப் பாலிஷ் போடலாம். குரோமில் இது கூடவே கூடாது. மேலே இருக்கும் குரோம் படலம் பொதுவாக ஒரு மைக்ரானுக்கும் குறைவு. கொப்புளம் விட்ட குரோமுக்குப் பாலிஷ் வீண். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புது டிப் வாங்கி மாட்டுவதே மேல். குழாயின் வெளிவிட்டத்தை அளந்துகொண்டு போங்கள், காந்தத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசி அலசலுக்கு போர் தண்ணீர் வேண்டாம். வெள்ளைப் புள்ளி விடும். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் தண்ணீர் அதைவிட மோசம், உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது. வீட்டு ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து வையுங்கள், அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. நன்றாகத் துடைத்த பிறகு, சக்கரத்துக்கு விற்கும் வெப்பம் தாங்கும் சீலண்ட் (பாதுகாப்புப் பூச்சு) ஒரு கோட். சாதா கார்னௌபா மெழுகு 80 டிகிரியைக் கொஞ்சம் தாண்டியதுமே உருகிவிடும். கடலோரத்தில் இருப்பவர்கள் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீர் விட்டுத் துடைத்தாலே பாதி வேலை மிச்சம்.

துடைக்கும்போது கரியையும் கவனியுங்கள். டர்போ பெட்ரோல் டைரக்ட் இன்ஜெக்ஷன் வண்டியில் காய்ந்த கரி சகஜம். ஏப்ரல் 2020க்குப் பின் வந்த பிஎஸ்6 டீசல் வண்டியில் டிபிஎஃப் (புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி) ஒழுங்காக வேலை செய்தால் டிப் ஏறக்குறைய சுத்தமாகவே இருக்கும். அடர்த்தியாகக் கரி படிந்தால் டிபிஎஃப்பைச் சோதிக்க வேண்டும். விரலில் பிசுபிசுவென்று எண்ணெயாக ஒட்டினால் இன்ஜின் ஆயில் எரிகிறது, மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

வாட்டர் வாஷ் முடிந்ததும் வண்டிக்கு அடியில் டீசலோ பழைய ஆயிலோ அடிக்கிற பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. சைலன்சர் மேல் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். சூடானதும் புகையும், தூசி அப்பிக்கொள்ளும், சைலன்சரைத் தாங்கும் ரப்பர்களும் எண்ணெய் பட்டு ஊறித் தளர்ந்துவிடும்.