பாம்பனிலிருந்து ஏடிசி வேலைக்கு: விண்ணப்பம் முதல் பயிற்சி வரை

ராமநாதபுரம், மண்டபம், பாம்பன் பக்கத்தில் பி.இ. முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் தம்பி தங்கைகள் போன் போட்டால் முதலில் கேட்பது இதைத்தான்: "அக்கா, ஏடிசி வேலைக்கு எப்படிப் போறது?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

ஏடிசி என்றால் ஏர் டிராஃபிக் கன்ட்ரோல். விமானம் எப்போது கிளம்பலாம், எந்த உயரத்தில் பறக்கலாம், எப்போது இறங்கலாம் என்று ரேடியோவில் சொல்கிற வேலை. இந்தியாவில் இதை முக்கியமாகச் செய்வது இந்திய விமான நிலைய ஆணையம், சுருக்கமாக ஏஏஐ. நாம் சேர்வது ஜூனியர் எக்ஸிகியூட்டிவ் பதவியில். விமானியாக வேண்டுமென்றால் பயிற்சிக்கே லட்சக்கணக்கில் கட்ட வேண்டும். இங்கே தேர்வில் ஜெயித்து நியமனம் ஆன பிறகுதான் பயிற்சி, அதற்கு நம் கையிலிருந்து பணம் போகாது. பயிற்சி முடித்து குறிப்பிட்ட காலம் வேலை பார்ப்போம் என்று பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். கடலை நம்பிப் பிழைக்கிற குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இயற்பியலும் கணிதமும் படித்த பி.எஸ்சி. பட்டதாரிகளும், ஏதாவது ஒரு செமஸ்டரில் இந்த இரண்டும் இருந்த பி.இ. பட்டதாரிகளும் விண்ணப்பிக்கலாம். நான் இசிஇ. முதல் செமஸ்டர் மார்க் ஷீட்டில் இருந்த இன்ஜினியரிங் பிசிக்ஸும் மேத்ஸும்தான் எனக்கு ஆதாரம். அதனால் பட்டச் சான்றிதழ் கையில் இருக்கிறதே என்று செமஸ்டர் மார்க் ஷீட்டுகளை அலட்சியமாகப் போட்டு வைக்காதீர்கள். தேர்வு கணினி வழியில் நடக்கும். 2 மணி நேரம், 120 கேள்விகள், தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். பாதி கணிதமும் இயற்பியலும், மீதி ஆங்கிலம், ரீசனிங், பொது அறிவு. பிளஸ் டூ பாடத்தை ஒழுங்காகத் திருப்பிப் படித்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

தேர்வைவிட அலைய வைத்தது சான்றிதழ்தான். நம் ஊரில் எல்லோர் வீட்டிலும் பிசி, எம்பிசி என்று சாதிச் சான்றிதழ் இருக்கும். மத்திய அரசுப் பணிக்கு அது போதாது. மத்திய அரசின் படிவத்தில் ஓபிசி சான்றிதழ், அதிலும் கிரீமி லேயரில் (ஓபிசியில் வசதி படைத்த பிரிவில்) வரவில்லை என்று தாசில்தார் கொடுத்தது வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்த கையோடு வந்துவிடாது, விசாரணை எல்லாம் உண்டு. அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் நேரத்துக்குக் கிடைக்காமல் போகலாம். அடுத்த தலைவலி இனிஷியல். மார்க் ஷீட்டில் என் பெயருக்கு முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்து மட்டும், ஆதாரில் முழுப் பெயர், விண்ணப்பத்தில் 'குடும்பப் பெயர்' என்று தனிக் கட்டம். வடநாட்டுப் பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. சான்றிதழ் சரிபார்ப்பின்போது இரண்டும் ஒரே ஆள்தான் என்று உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தேன், ஏற்றுக்கொண்டார்கள். முடிந்தால் முன்னதாகவே ஆதாரையும் மார்க் ஷீட்டையும் ஒன்றாக்கி வையுங்கள்.

எழுத்துத் தேர்வுக்குப் பிறகு குரல் தேர்வு. நம் பிள்ளைகள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான், அந்தப் பயம் தேவையே இல்லை. ஆங்கிலத்தில் ஒரு பத்தியைக் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்கிறார்கள், கொஞ்சம் பேசச் சொல்கிறார்கள். கான்வென்ட் உச்சரிப்பை யாரும் எதிர்பார்க்கவில்லை. ரேடியோவில் கேட்பவருக்குத் தெளிவாகப் புரிகிறதா, திக்கல் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். நாம் வேகமாகப் பேசுகிறவர்கள், வார்த்தையின் கடைசி எழுத்தை விழுங்கிவிடுவோம். 'எஃப்' வரவேண்டிய இடத்தில் 'பி' வரும். சாயங்காலம் குந்துகால் கடற்கரையில் நின்று, காற்றுச் சத்தத்துக்கு மேலே கேட்கிற மாதிரி ஆங்கிலப் பத்திரிகையை வாசித்து, போனில் பதிவுசெய்து திரும்பக் கேட்பேன். அந்தப் பழக்கம் இன்றைக்கு வேலையிலும் உதவுகிறது. சர்வதேச அளவில் கன்ட்ரோலருக்கும் விமானிக்கும் ஆங்கிலத் திறனை 6 படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். வேலைக்குத் தேவை குறைந்தது 4-வது படி, அதை உழைத்தே எட்டிவிடலாம்.

மருத்துவப் பரிசோதனையில் கண், காது, நிறம் பிரித்துப் பார்க்கும் திறன் எல்லாம் உண்டு. காதுக்கு ஆடியோகிராம் எடுப்பார்கள். பேச்சு கேட்கும் முக்கிய அலைவரிசைகளில் 35 டெசிபலுக்கு மேல் கேட்புக் குறை இருக்கக் கூடாது. அப்பாவோடு டீசல் இன்ஜின் பக்கத்தில் நின்று வளர்ந்த பிள்ளைகள் இதை முன்கூட்டியே ஒரு காது மருத்துவரிடம் பார்த்துக்கொள்வது நல்லது. போதைப்பொருள் பரிசோதனையும் உளவியல் மதிப்பீடும் இருந்தன. இரண்டிலும் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை.

பயிற்சிக்கு பிரயாக்ராஜ். அங்கே பம்ரௌலியில் இருக்கும் சிவில் விமானப் போக்குவரத்துப் பயிற்சிக் கல்லூரி 1948-ல் தொடங்கியது. நான் போனது குளிர்காலம். மூடுபனியில் எதிர் விடுதி தெரியவில்லை. பாம்பனில் பிறந்தவளுக்கு அது புதுசு. வகுப்பில் அதற்கும் கணக்கு சொல்லிக் கொடுத்தார்கள்: பார்வைத் தூரம் 1000 மீட்டருக்குக் கீழே போனால் மூடுபனி, அதற்கு மேல் 5000 மீட்டர் வரை லேசான பனிமூட்டம் என்று வேறு குறியீடு.

இந்த வேலையில் எல்லாமே சுருக்கமான செய்தியாகத்தான் ஓடுகிறது. முதலில் கற்றுக்கொண்டது மெட்டார். விமான நிலையத்தின் வானிலையை அரை மணிக்கொரு தரம் ஒரே வரியில் சொல்கிற செய்தி அது. விமான நிலையத்தின் நான்கெழுத்துக் குறியீடு, தேதியும் நேரமும், காற்று, பார்வைத் தூரம், மேகம், வெப்பநிலை, காற்றழுத்தம் என்று இதே வரிசையில் வரும். நேரம் நம் கடிகாரப்படி இருக்காது. உலகப் பொது நேரம், நம் நேரத்தில் 5.30 மணி கழிக்க வேண்டும். காற்றுக்கு 5 இலக்கம். 27012 என்று இருந்தால் 270 டிகிரியிலிருந்து, அதாவது நேர் மேற்கிலிருந்து, 12 நாட் வேகத்தில் காற்று வருகிறது.

வடக்கத்தி நண்பர்கள் சிலருக்கு இதில் ஒரு தடுமாற்றம் இருந்தது. காற்று போகிற திசையா, வருகிற திசையா? எனக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை. கச்சான் என்றால் மேற்கிலிருந்து வருவது, கொண்டல் கிழக்கிலிருந்து, வாடை வடக்கிலிருந்து, சோழகம் தெற்கிலிருந்து. காற்றை அது வருகிற திசையை வைத்துச் சொல்வது நம் கடற்கரையில் குழந்தைக்கும் தெரியும். அன்று இரவு அப்பாவிடம் போனில் சொன்னபோது, "ஏத்தா, கச்சானா கொண்டலான்னு சொல்றதுக்கா அம்புட்டுப் பெரிய காலேசு கட்டி வச்சிருக்காக?" என்றார். பிறகு ஓடுபாதையைப் பற்றி விளக்கினேன். விமானம் முடிந்தவரை எதிர்காற்றில்தான் ஏறும், இறங்கும். மதுரை ஓடுபாதை கிழக்கு மேற்காக இருக்கிறது. ஒரு முனைக்கு 09, மறுமுனைக்கு 27 என்று பெயர், திசையின் டிகிரியில் கடைசி இலக்கத்தை விட்டுவிட்டு வைத்தது. கச்சான் அடித்தால் 27, கொண்டல் அடித்தால் 09. அப்பா உடனே பிடித்துக்கொண்டார். ஆனி ஆடியில் எது, ஐப்பசியில் எது என்று அவரே சொன்னார்.

சிமுலேட்டர் அறை பயிற்சியின் உயிர்நாடி. கண்ணாடிக்கு வெளியே தெரிகிற மாதிரி திரையில் ஓடுபாதை, விமானங்கள், மழை, இருட்டு எல்லாம் வரும். அடுத்த அறையில் நம் பேட்ச் நண்பர்களே விமானிகளாக உட்கார்ந்து, நாம் ரேடியோவில் சொல்வதைக் கேட்டு விசைப்பலகையில் தட்டி விமானத்தை நகர்த்துவார்கள். கையில் ஸ்ட்ரிப், அதாவது குறிப்பெழுதும் நீளமான சீட்டு. ஒரு விமானத்துக்கு ஒரு ஸ்ட்ரிப், அதில் அழைப்புப் பெயர், விமான வகை, போகுமிடம், கொடுத்த அனுமதி, நேரம். அனுமதி கொடுத்தவுடன் எழுத வேண்டும், பிறகு எழுதிக்கொள்ளலாம் என்பது கிடையாது. நாம் கொடுத்த அனுமதியை விமானி நமக்கே திருப்பிச் சொல்ல வேண்டும். பயிற்சியாளர் விமானிகளிடம் ரகசியமாகச் சொல்லிவைத்து, அதை வேண்டுமென்றே மாற்றிச் சொல்ல வைப்பார். நான் 27 என்று சொல்ல, பதிலில் 09 என்று வரும். அதே நொடியில் இன்னொரு விமானம் கூப்பிடும். அதை நிறுத்திவைத்துவிட்டு "நெகட்டிவ், ரன்வே டூ செவன்" என்று திருத்தி, அவர் சரியாகத் திருப்பிச் சொல்வதைக் கேட்ட பிறகுதான் அடுத்தவர். சொன்னதோடு நம் வேலை முடிவதில்லை. சொன்னது சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று காதால் கேட்டால்தான் முடியும். இந்த ஒன்றுக்காகவே அந்த அறையில் எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம் என்று எனக்குத் தோன்றியது.

பயணிகள் விமான நிலையத்தில் நிமிர்ந்து பார்க்கிற 'தாமதம்' என்ற பலகைக்குப் பின்னாலும் இப்படிப்பட்ட செய்திகள் ஓடுகின்றன. விமானம் கிளம்புமுன் ஃப்ளைட் பிளான் வரும், அதில் விமானம் நிற்கும் இடத்திலிருந்து நகரும் உத்தேச நேரம் இருக்கும். அது 30 நிமிடத்துக்கு மேல் தள்ளிப்போனால் தாமதச் செய்தி அனுப்ப வேண்டும். மேலே ஏறியதும் புறப்பாட்டுச் செய்தி போகும். ஓடுபாதை விளக்கு பழுது, ஒரு டாக்ஸிவே (ஓடுபாதைக்குப் போய்வரும் வழி) மூடல் போன்றவை நோட்டம் என்ற அறிவிப்பாக எல்லோருக்கும் போகும்.

என்னை அதிகம் உலுக்கிய பாடம் தேடுதலும் மீட்பும். ஒரு விமானத்திடமிருந்து தகவல் வர வேண்டிய நேரம் தாண்டி 30 நிமிடம் ஆகியும் வரவில்லை என்றால் 'நிச்சயமற்ற நிலை' தொடங்குகிறது. அதன் பிறகும் தேடித் தகவல் இல்லையென்றால் எச்சரிக்கை நிலை, அதற்கும் அடுத்தது ஆபத்து நிலை. இறங்க அனுமதி வாங்கிய விமானம் சொன்ன நேரத்திலிருந்து 5 நிமிடத்துக்குள் இறங்காமல், தொடர்பும் கிடைக்காவிட்டால் நேராக எச்சரிக்கை நிலைதான். யார் யாருக்குச் சொல்ல வேண்டும், எந்த வரிசையில் என்பதெல்லாம் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அந்த வகுப்பில் என் மனம் முழுக்கக் கரையில் இருந்தது. பாம்பனில் ஒரு படகு திரும்ப வேண்டிய நேரத்துக்கு வரவில்லை என்றால் எங்கள் அம்மாக்கள் என்ன செய்வார்கள்? போன் போட்டுப் பார்ப்பார்கள், பக்கத்துப் படகுக்காரர்களை வாக்கி டாக்கியில் கேட்கச் சொல்வார்கள், கரைக்கு வந்து நிற்பார்கள். முப்பதாவது நிமிடத்தில் தானாகத் தொடங்குகிற ஏற்பாடு எதுவும் அவர்கள் கையில் கிடையாது.

கடலில் மீட்புப் பணியை ஒருங்கிணைப்பது இந்தியக் கடலோரக் காவல்படை. மண்டபத்திலேயே அவர்கள் நிலையம் இருக்கிறது. படகிலிருந்து செயற்கைக்கோள் வழியாக ஆபத்துச் செய்தி அனுப்பும் கருவியை இஸ்ரோ உருவாக்கியிருக்கிறது. 2024-ல் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவியில், செய்தி போய்ச் சேர்ந்தது என்ற பதிலும் படகுக்குத் திரும்பி வரும். சிமுலேட்டரில் எங்களுக்கு ஊட்டி வளர்த்த அதே முறை. பதில் வந்ததா என்று தெரிந்துவிட்டால் நடுக்கடலில் இருக்கிறவனுக்கு அதைவிடப் பெரிய தைரியம் ஏது? இந்தக் கருவி நாட்டுப்படகு வரை ஒவ்வொரு படகிலும் இருக்க வேண்டும் என்று ஊருக்குப் போகும்போதெல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வான்வெளியை எஃப்ஐஆர் (ஃப்ளைட் இன்ஃபர்மேஷன் ரீஜன்) என்று பகுதி பிரித்து, யார் தகவல் சேவை தருவது என்று பொறுப்பு ஒதுக்கியிருக்கிறார்கள். சென்னை எஃப்ஐஆரும் கொழும்பு எஃப்ஐஆரும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும் விமானத்தைப் பற்றி, எத்தனை மணிக்கு, எந்த உயரத்தில் எல்லையைத் தாண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். எதிர்ப்பக்கம் ஏற்றுக்கொள்கிறது. 1974, 1976 இந்திய-இலங்கை ஒப்பந்தங்களில் கடலில் போட்ட கோட்டை ஜிபிஎஸ்ஸில் பார்த்துப் பார்த்து ஒதுங்கி மீன்பிடிக்கிறவர் என் அப்பா. இரண்டும் வேறு வேறு சட்டம், வேறு வேறு பொருள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கடலிலும் இப்படித் தகவல் சொல்லி, தகவல் வாங்குகிற வழி இருந்தால் எத்தனை குடும்பம் நிம்மதியாகத் தூங்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இப்போது தென்னிந்தியாவில் ஒரு விமான நிலையத்தில் பணியிடப் பயிற்சியில் இருக்கிறேன். பக்கத்தில் மூத்த கன்ட்ரோலர் தன் ஹெட்செட்டோடு உட்கார்ந்திருப்பார். நான் பேசுவதை எந்த நொடியும் அவர் வாங்கிப் பேச முடியும். தேர்வுக் குழு பார்த்து ரேட்டிங் கொடுத்த பிறகுதான் தனியாக உட்கார முடியும். ஒரு நிலையத்தில் வாங்கிய ரேட்டிங் அங்கேதான் செல்லும், மாறுதலாகிப் போனால் மறுபடி பயிற்சி.

ராமேஸ்வரத்தில் விமான நிலையம் அமைக்கப்படும் என்று தமிழக அரசின் 2025-26 பட்ஜெட்டில் அறிவித்ததிலிருந்து ஊரில் விசாரிப்பவர்கள் கூடியிருக்கிறார்கள். அது வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஏஏஐ வேலைக்கு நாடு முழுக்க ஆள் எடுக்கிறார்கள். ஆனால் அறிவிப்பு ஒவ்வொரு வருடமும் ஒரே மாதத்தில் வரும் என்று சொல்ல முடியாது. ஆணையத்தின் இணையதளத்தில் வேலைவாய்ப்புப் பகுதியை அவ்வப்போது பாருங்கள். விண்ணப்பமும் ஹால் டிக்கெட்டும் முடிவும் அங்கேதான் வரும். பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கும் விண்ணப்பக் கட்டணம் கிடையாது. "ஏர்போர்ட்டில் வேலை வாங்கித் தருகிறேன்" என்று நம் பக்கத்தில் பணம் கேட்டுச் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த வேலைக்குத் தேர்வைத் தவிர வேறு வாசல் இல்லை. யார் கேட்டாலும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அந்த நேரத்தில் இ-சேவை மையத்துக்குப் போய் ஓபிசி சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிட்டு வாருங்கள்.