சந்திக் கடைக் கொப்பி

மாதம் முடியும்போது என் கைப்பேசிக்கு மட்டக்களப்பு, கல்லடியில் இருந்து ஒரு படம் வரும். சந்திக் கடையில் எங்கள் வீட்டுக் கடனை எழுதிவைக்கும் கோடு போட்ட கொப்பியின் ஒரு பக்கம். மேலே அப்பாவின் பெயரோ அம்மாவின் பெயரோ இருக்காது, "சேர் வீடு" என்று இருக்கும். அப்பா படிப்பித்து ஓய்வு பெற்றவர். கீழே நீலப் பேனையில் சரிந்த எழுத்து: சீனி 1, மா 2, பருப்பு ½, ரின்மீன் 1, பாண் 1, பாண் 1, பாண் 1. ரின்மீன் என்றால் தகரத்தில் அடைத்த மீன், பாண் என்றால் பேக்கரி ரொட்டி. ஒஸ்லோவில் ஸ்தோவ்னர் பக்கம் ஆறாம் மாடியில் இருந்துகொண்டு அதை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி வாசிப்பேன். இந்த நாட்டுக்கு வந்த பிறகு ஒரு வரியும் விடாமல் வாசித்த தமிழ் எது என்று கேட்டால், இந்தக் கடன் கொப்பியைத்தான் சொல்ல வேண்டும்.

2017 நவம்பரில் கணவரிடம் வந்து சேர்ந்தேன். குளிர், இருட்டு, பனியில் வழுக்கி விழுந்தது எல்லாம் எனக்கு முன்னால் வந்தவர்கள் எழுதியாயிற்று, அதை விடுவோம். என்னைக் கலங்கவைத்தது கடைதான். கையில் காசு இருந்தும் வாங்க முடியாத ஒரு ஊரை நான் அதற்கு முன் கண்டதில்லை. இங்கே முதலில் 11 இலக்கத்தில் ஒரு அடையாள எண் வர வேண்டும். அது வந்தால் வங்கிக் கணக்கு. கணக்கு வந்தால் பாங்க்ஐடி, அதாவது இணையத்தில் நான்தான் என்று காட்டும் அடையாளம். பாங்க்ஐடி இருந்தால் வரிக் கணக்கைப் பார்க்கலாம், குடும்ப டொக்டரை மாற்றலாம், விப்ஸ் வைத்துக்கொள்ளலாம். விப்ஸ் 2015இல் வந்த பணம் அனுப்பும் செயலி. மற்றவருடைய போன் இலக்கம் தெரிந்தால் போதும், காசு போய்விடும். இந்த ஊர்க்காரர்கள் அந்தப் பெயரை வினைச்சொல்லாகவே ஆக்கிவிட்டார்கள். எனக்கோ ஒரு கதவு திறந்தால் அடுத்த கதவு பூட்டியிருந்தது. ஒரு வங்கியில் என் பாஸ்போட்டை இரண்டு தரம் புரட்டிவிட்டு, கடிதம் வரும் என்றார்கள். வந்தது, இன்னொரு கடிதம் கொண்டுவா என்று. இப்படியே ஐந்து மாதம்.

அந்த ஐந்து மாதத்துக்குள் ஒரு சனிக்கிழமை, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பழைய சாமான் சந்தை நடந்தது. லொப்பெமார்க்கெட் என்பார்கள். பள்ளிக்கூட பாண்ட் வாத்தியக் குழுவுக்குக் காசு சேர்க்கப் பெற்றோர் நடத்துவது. ஒரு மேசை நிறையச் சிறுவர் புத்தகங்கள். நொர்வீஜிய மொழி படிக்கத் தொடங்கியிருந்தேன், படம் பெரிதாகவும் எழுத்து கொஞ்சமாகவும் இருந்த ஒன்றை எடுத்தேன். 20 குரோனர். நான் 50 குரோனர் தாளை நீட்ட, மேசைக்கு அங்கால் நின்ற பெண் அதை யாரோ தொலைத்த சாமானைப் பார்ப்பது போலப் பார்த்தாள். மிச்சம் தர அவர்களிடம் காசுப் பெட்டியே இல்லை. எனக்குப் பின்னால் நின்ற ஒரு கிழவி தன்னுடைய போனில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, எடுத்துக்கொண்டு போ என்று கையைக் காட்டினாள். என் தாளை அவளும் வாங்கவில்லை. சந்திக் கடையில் கடன் சொல்லியே வளர்ந்தவள் நான். கையில் காசை வைத்துக்கொண்டு கடன்பட்டது அன்றுதான். 2024 ஒக்டோபரில் இருந்து, காசாகக் கொடுக்க வாடிக்கையாளருக்கு உள்ள உரிமையைச் சட்டத்தில் இறுக்கியிருக்கிறார்கள். கிழவியின் 20 குரோனர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

நூலக அட்டை மட்டும் வங்கிக்கு முன்னால் கிடைத்துவிட்டது. ஒஸ்லோவின் நகர நூலகத்துக்கு டைக்மன் என்று பெயர், ஸ்தோவ்னரிலும் ஒரு கிளை இருக்கிறது. எடுத்த புத்தகங்களை அடுக்கோடு ஒரு தட்டில் வைத்தால் போதும், எல்லாவற்றையும் ஒரே தடவையில் இயந்திரம் இனங்கண்டு திரையில் வரிசையாகக் காட்டும். ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் ஒரு சில்லு ஒட்டியிருக்கிறது. மட்டக்களப்பில் கடைசிப் பக்கத்தில் திகதி முத்திரை குத்தும் சத்தம் கேட்காமல் புத்தகம் வெளியே வந்ததில்லை. முதல் நாள் கதவைத் தாண்டும்போது களவெடுத்துக்கொண்டு போவது போல இருந்தது.

தமிழ்ப் புத்தகம் இருக்குமா என்று கேட்டேன். தேசிய நூலகத்தில் பன்மொழி நூலகம் என்று ஒரு பிரிவு இருக்கிறது, அங்கிருந்து எடுப்பித்துத் தரலாம் என்றார் அங்கே இருந்தவர். நாட்டில் எந்த ஊர் நூலகம் கேட்டாலும் அனுப்புவார்களாம். இரண்டு கிழமையில் ஒரு கட்டு வந்தது. அநேகமாகச் சென்னையில் அச்சானவை. நல்ல புத்தகங்கள்தான், என்றாலும் அதில் ஒருத்தரும் "மறுகா" என்று சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் "பிறகு" என்பதற்கு "மறுகா" என்போம். போனை வைக்கும்போது அம்மா "மறுகா எடுக்கன்" என்று சொல்வார். அதை அச்சில் பார்க்க ஆசையாக இருந்தது.

இந்த நாட்டைப் பற்றி ஒன்று சொல்லத்தான் வேண்டும். சாப்பாட்டுச் சாமானுக்கு 15 வீதம் வரி வாங்குகிறவர்கள் புத்தகத்துக்கு வாங்குவதில்லை. 2019 ஜூலையில் இருந்து மின்னூலுக்கும் வரி இல்லை. "பசிச்சா வாசி" என்பார் கணவர்.

மின்னூலும் வாசித்தேன். கிண்டிலில் 2016 டிசம்பரிலேயே தமிழ் வந்துவிட்டது. அதில் நாலைந்து நாவல் வாங்கினேன், இரண்டு பாதியில் நிற்கிறது. என்னைப் பிடித்துவைத்தது நூலகம் என்ற இணையத்தளம். 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கியது. இலங்கைத் தமிழில் வந்த இதழ்கள், பத்திரிகைகள், பள்ளிக்கூட மலர்கள், கோயில் கும்பாபிஷேக மலர்கள், இறந்தவரின் 31ஆம் நாளில் கொடுக்கும் நினைவு மலர்கள் வரை பக்கம் பக்கமாக ஸ்கான் செய்து போட்டிருக்கிறார்கள். யாரும் இலவசமாக வாசிக்கலாம். ஊரில் இருந்த காலத்தில் இதில் ஒன்றைக்கூட நான் தேடி வாசித்ததில்லை. கூப்பிடு தூரத்தில் இருந்தவர்களின் எழுத்தையெல்லாம் இத்தனை ஆயிரம் கிலோமீற்றர் தள்ளி வந்து வாசித்தேன்.

அப்பாவின் புத்தக அலுமாரி இரண்டு தரம் போனது. 1978 நவம்பர் 23 சூறாவளியில் கூரையோடு பாதி. மீதியும் அதற்குப் பிறகு சேர்த்ததும் 2004 டிசம்பர் 26இல் கடலோடு. அதற்குப் பிறகு அவர் புத்தகம் வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சலூனுக்குப் போய் வீரகேசரியை முன்பக்கத்தில் இருந்து மரண அறிவித்தல் வரை வாசித்துவிட்டு, வீட்டுக்கு வந்து அம்மாவுக்குச் சொல்வார். அம்மா மீன் வெட்டிக்கொண்டே கேட்பார். எங்கள் வீட்டில் பத்திரிகை என்பது இதுதான்.

2022 பெப்ரவரியில் ஒரு இரவு, அப்பா படித்த பள்ளிக்கூடத்தின் எழுபதுகளில் வந்த மலர் ஒன்று திரையில் கிடைத்தது. 43ஆம் பக்கத்தில் வாவியைப் பற்றி எட்டு வரிக் கவிதை. கீழே அப்பாவின் பெயர், உயர்தர வகுப்பு. எங்கள் வாவியில் மீன் பாடும் என்பார்கள், எட்டு வரிக்குள் அது மூன்று தரம் பாடுகிறது. நல்ல கவிதை என்று சொல்லமாட்டேன், ஆனால் அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அவர் கவிதை எழுதினார் என்று எங்கள் ஒருவருக்கும் தெரியாது.

வட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. மூன்றாம் நாள் அம்மா சொன்னார்: போனில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி ஓடிப்போகிறதாம், சிறிதாக்கினால் தெரியவில்லையாம், எரிச்சல் வந்து கொமினிகேசனுக்குப் போய்விட்டார். கொமினிகேசன் என்றால் எங்கள் ஊரில் போட்டோக் கொப்பி, பிரிண்ட், ரீலோட் எல்லாம் நடக்கும் கடை. முழு மலரையும் அச்சடித்துக் கட்டித் தரச் சொல்லியிருக்கிறார். பாதியில் கடைக்காரருக்குத் தாள் முடிந்துவிட்டது. அதற்குள் மார்ச் பிறந்து நாட்டிலேயே தாள் தட்டுப்பாடு. மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையைத் தள்ளிவைத்தார்கள், கொழும்பில் இரண்டு நாளிதழ்கள் அச்சை நிறுத்தின. 43ஆம் பக்கம் முதல் பாதிக்குள் வந்துவிட்டதால் அப்பாவுக்கு அவசரம் இருக்கவில்லை. மற்றப் பாதி ஆவணியில்தான் வந்தது. கொம்பியூட்டருக்குள் போன மலர் கடைசியில் திரும்பவும் தாளாகி, பழைய அலுமாரி இருந்த அதே மூலையில் இருக்கிறது.

கொப்பிக்கு வருகிறேன். 2020 மார்ச் 20இல் நாடு முழுக்க ஊரடங்கு போட்டபோது சந்திக் கடை முதலாளியின் மகன் வட்ஸ்அப்பில் ஓடர் எடுக்கத் தொடங்கினான். அம்மாவுக்கு எழுத்து அடிக்க வராது, குரலில் சொல்லிவிடுவார். அவன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து படலையில் வைத்துவிட்டுப் போவான். அப்பாவுக்கு வங்கிக்குப் போக வழியில்லாததால் நான் அவனுடைய கணக்குக்குக் காசு போடுவது என்று முடிவானது. "அக்கா, கணக்குச் சரியா எண்டு பாருங்கோ" என்று கொப்பிப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினான். ஊரடங்கு முடிந்தும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை.

முதலில் கூட்டுத்தொகையைத்தான் பார்த்தேன். மறுகா வாசிக்கத் தொடங்கினேன். பிஸ்கட் இரண்டு பெட்டி என்றால் யாரோ வந்து போயிருக்கிறார்கள். கொத்தமல்லி என்றால் தடிமன். ஒரு கிழமை பாண் தொடர்ந்து இருந்தால் அம்மாவுக்கு முழங்கால் நோவு, அடுப்படியில் நிற்க முடியவில்லை. போனில் கேட்டால் "நாங்க நல்லாத்தான் இருக்கம்" என்பார்கள், கொப்பி வேறு சொல்லும். 2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360க்குப் போன மாதங்களில் பால்மா கொப்பியில் இருந்து காணாமல் போனது, தேயிலை மட்டும் நின்றது. எனக்கு அவர்கள் அதைச் சொல்லவே இல்லை.

இங்கே நான் சாமான் வாங்கும் கடையின் செயலிக்கும் நான் எத்தனை லீட்டர் பால் வாங்குகிறேன் என்று தெரியும். அதற்குக் கழிவும் தருகிறது. ஆனால் தொடர்ந்து மூன்று நாள் பாண் வாங்கினால் என்ன சுகமில்லையா என்று கேட்காது. சந்திக் கடை முதலாளி கேட்பார், தெருவுக்கே கேட்கக் கேட்பார், அதுவும் ஒரு தொல்லைதான்.

மகள் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறாள். அன்னை பூபதியின் பெயரில் நடக்கும் பள்ளி. 1988இல் மாமாங்கேஸ்வரர் கோயிலடியில் உண்ணாவிரதம் இருந்து உயிர்விட்டவர். ஆடி அமாவாசைக்கு நாங்கள் தீர்த்தமாடப் போகிற கோயில் அது. அங்கே கேட்டு வளர்ந்த பெயரை நொர்வேயில் பிள்ளையின் புத்தகப் பையில் பார்த்தபோது சற்று நேரம் பேச்சு வரவில்லை. அவள் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கியதும் கொப்பிப் படத்தைக் கொடுத்தேன். "ரி-ன்-மீ-ன்" என்று வாசித்துவிட்டு, அது எந்தக் கடல் மீன் என்று கேட்டாள்.

பிழை விட்டது நான்தான். ஒரு மாதம் சீனி 4 என்று இருந்தது. "அப்பாவுக்குச் சீனி வருத்தம், நாலு கிலோ என்னத்துக்கு?" என்று கேட்டுவிட்டேன். அம்மா பேசவில்லை. அடுத்த மாதம் சீனி 1. எனக்குப் பெருமை. பிறகு சின்னம்மா வாய்தவறிச் சொல்லித்தான் தெரிந்தது, அம்மா மற்றக் கடையில் காசு கொடுத்துச் சீனி வாங்குகிறார். பலகாரம் சுட்டுப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறாராம். கொப்பி நான் வாசிப்பதற்காக எழுதப்படத் தொடங்கிவிட்டது.

அதோடு நிற்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கொண்டு ஒரு இணையக் கடையில் சேலைக்கு ஓடர் போட்டிருக்கிறார், சாமான் வந்த பிறகு காசு. கொண்டுவந்த பொடியன் வீட்டைக் கண்டுபிடிக்க மூன்று தரம் போன் எடுத்தானாம். "சுனாமியில சரிஞ்ச கோபுரம் இருக்கெலா, அதுக்கு இஞ்சால வா மனே" என்று சொல்லி எடுப்பித்தார். எனக்கு இங்கே பார்சல் வந்தால், சுவரோடு நிற்கும் பெட்டியை போனால் திறந்து எடுப்பேன், மனித முகம் ஒன்றும் இல்லை. சேலையைப் பற்றி அம்மாவின் தீர்ப்பு: "படத்துல கிளிப்பச்ச, பெட்டிக்குள்ள பாசிப்பச்ச." இப்போது மருதமுனையில் கைத்தறிச் சேலை விற்கும் ஒரு பெண்ணிடம் படம் பார்த்து வாங்குகிறார். அவர் கல்முனை பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிட, அப்பா சந்தியில் நின்று வாங்குவார். பிடிக்காவிட்டால் அதே பஸ்ஸில் திரும்பிப் போகும்.

போன மாதம் கொப்பிப் படம் வரவில்லை. ஒரு பிடிஎஃப் வந்தது. மகன் கடைக்கு பில் போடும் மெசின் வாங்கியிருக்கிறான். சீனி "ஒயிட் சுகர்" ஆகி ஆங்கில எழுத்தில் நிற்கிறது, பக்கத்தில் நீளமாக ஒரு இலக்கம். "சேர் வீடு" போய் "கஸ்டமர் 17". கணக்குத் துல்லியம், குறை சொல்ல ஒன்றுமில்லை. கொப்பியில் எழுதி அனுப்ப ஏலாதா என்று கேட்டேன். "அக்கா, வாப்பாட எழுத்து எனக்கே விளங்குறல்ல" என்று சிரித்தான்.

அம்மாவுக்கு அந்த பில்லை வாசிக்கத் தெரியாது. அதனால் கடனே வேண்டாம், காசு கொடுத்து வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டார். நான் இப்போது மாதத் தொடக்கத்தில் ஒரு தொகையை அப்பாவின் கணக்குக்குப் போட்டுவிடுகிறேன். போன ஞாயிறு போன் எடுத்து, இண்டைக்கு என்ன வாங்கினீங்கள் என்று கேட்டேன்.

"உனக்கு என்னத்துக்குப் புள்ள அதெல்லாம்?" என்றார். பிறகு மீன்காரன் சொன்ன விலையில் தொடங்கி இருபது நிமிடம் சொல்லிக்கொண்டே போனார். சீனியை மட்டும் சொல்லவில்லை.