அம்மம்மாவின் பை

இன்று பின்னேரம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. அம்மம்மா வாசற்படியில் பையோடு இருந்தார்.

"பிள்ளை, எப்ப வெளிக்கிடுறம்?"

2009 இறுதி யுத்தத்தில் இடம்பெயர்ந்து மாத்தளன் வரை பையைத் தூக்கிப் போன பழக்கம். காணி உறுதி, அடையாள அட்டை, ஒரு மாற்றுச் சேலை, பனடோல்.

பையைத் திறந்து பார்த்தேன். ரீவி ரிமோட், இரண்டு அகப்பை, ஒற்றைச் செருப்பு.

அப்படியே நின்றுவிட்டேன்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பார். ஆனால் பை சரியாக இருக்கும். "வயது போனா அப்பிடித்தான்" என்றோம். போன வருடம் உறுதியை அரிசி வாளிக்குள் வைத்துவிட்டு, யாரோ களவெடுத்ததாக அழுதார். அதற்கும் அதையேதான் சொன்னோம். இப்போது சேலை உடுத்தவே ஆள் வேண்டும்.

1982இல் பாரி ரைஸ்பெர்க் என்ற மருத்துவரும் கூட இருந்தவர்களும் மறதி நோயின் இந்தச் சரிவை ஏழு படிகளாக எழுதி வைத்தார்கள். உடுக்க உதவி தேவைப்படுவது ஆறாவது படி. எங்களுக்கு இப்போதுதான் கண் திறந்திருக்கிறது. அந்த முதல் கேள்விகளோடேயே கிளினிக்குக்குக் கூட்டிப் போயிருக்க வேண்டும். தைரொயிட், பி12 குறைவு என்று திருத்தக்கூடிய காரணம் ஏதும் இருக்கிறதா என்றாவது பார்த்திருப்பார்கள்.

அல்சைமர் என்ற மறதி நோய் பெரும்பாலும் புதிய நினைவுகளைத்தான் முதலில் தின்னும். காலையில் சாப்பிட்டது போய்விடும். மாத்தளன் போகாது.

"மழை விடட்டும் அம்மம்மா, விடிய வெளிக்கிடுவம்."

சரியென்று பையை மடியில் வைத்தார். எனக்கும் இடம் விட்டு நகர்ந்து இருந்தார்.