மரிக்கொழுந்து

சித்தி கல்யாணத்துக்கு எந்த ஊர் நாதஸ்வரம் என்று அம்மாவிடம் மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். "தெரியலடா, எல்லாம் மறந்துபோச்சு." குரலில் ஒரு பயம்.

நேற்று சாயங்காலம் அம்மாவும் நானும் மும்பை மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் பூ வாங்கப் போனோம். கடைக்காரர் மல்லிகைச் சரத்தோடு ஒரு கொத்து மரிக்கொழுந்தையும் நீட்டினார். முகர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"செம்பனார்கோயில்காரங்கடா! மழையில பந்தல் ஒழுகிச்சு. தாத்தா தவிலுக்கு மேல குடை பிடிச்சுண்டு நின்னார்."

அவ்வளவும் உள்ளேயேதான் இருந்திருக்கிறது. எடுக்கத்தான் பிடி கிடைக்கவில்லை. ஒரு விஷயம் மனதில் பதிந்தபோது கூடவே பதிந்த துப்புதான் பின்னால் அதை மீட்டெடுக்கவும் உதவும் என்று 1973இல் எண்டல் டல்விங், டொனால்ட் தாம்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் எழுதினார்கள். வாசனைக்கு இதில் தனி வழி உண்டு. பார்ப்பதும் கேட்பதும், மூளைக்குள் செய்திகளைப் பிரித்து அனுப்பும் தலாமஸ் வழியாகத்தான் மூளையின் புறணிக்கு, அதாவது அதன் வெளி அடுக்குக்கு, போகும். வாசனை அந்தச் சுற்று இல்லாமலே, உணர்ச்சியையும் நினைவையும் கவனிக்கும் அமிக்டலா, ஹிப்போகாம்பஸ் பக்கம் போய்விடுகிறது.

வயதானவர்களிடம் "ஞாபகம் இருக்கா?" என்று பரீட்சை வைக்கிறோமே, அது எனக்கு இப்போது கொடுமையாகத் தெரிகிறது. மூன்று நாள் நானும் அதைத்தான் செய்தேன்.

இன்று காலை பரணிலிருந்து அவளுடைய பித்தளைக் கூஜாவை இறக்கிக் கையில் கொடுத்தேன். எதுவும் கேட்கவில்லை. மாயவரம் ஜங்ஷனில் ஆரம்பித்தாள், இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள்.