பாம்பன் பாலத்தில் ஸ்லோ நிற்காத ஜிப்ஸி

பாம்பன் பாலத்தின் மேட்டில் வண்டி மூன்றாவது முறை அணைந்தபோது பின்னால் நின்ற வேன்காரர் ஹாரன்கூட அடிக்கவில்லை. இறங்கி வந்து, “தள்ளணுமாண்ணே?” என்று கேட்டார். திட்டியிருந்தால் இவ்வளவு கூச்சமாக இருந்திருக்காது.

ஆடி அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு. ராமேஸ்வரம் போகிற கூட்டம் போதாதென்று, 2025-இல் திறந்த தூக்கு ரயில் பாலத்தைப் படமெடுக்க நடுப்பாலத்தில் வண்டியை நிறுத்துகிறவர்கள் வேறு. எனக்கும் பார்க்க ஆசைதான். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் இன்ஜின் மெல்ல ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அதுதான் ஸ்லோ. என் வண்டியில் எடுத்தால் அணைந்துவிடுகிறதே?

என்னுடையது மாருதியின் 1998 மாடல் ஜிப்ஸி கிங் ஜீப். 1,298 சிசி, பெட்ரோலையும் காற்றையும் கார்புரேட்டர் கலந்து கொடுக்கிற வண்டி, நான்கு சக்கரத்துக்கும் பிளேட் ஸ்பிரிங். மதுரையிலிருந்து பரமக்குடி, ராமநாதபுரம், உச்சிப்புளி என்று அறுபதில் சமர்த்தாக வந்தது. மண்டபத்தில் டீக்கு நிறுத்தும்போதுதான் நடுக்கம் ஆரம்பித்தது. கூடவே பின்பக்கம் இரண்டு சத்தம். பள்ளத்தில் மெதுவாக இறங்கினால் கிரீச்; பிரேக் பிடித்தாலும் கிளட்சை விட்டாலும் ஒரு ‘டொக்’. “உப்புக் காத்து மாப்ள, எல்லாத்தையும் அரிச்சிருக்கும்” என்று மச்சான் தீர்ப்புச் சொல்லிவிட்டான். கடலைக் கண்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை என்பது இருவருக்கும் உறைக்கவில்லை.

தங்கச்சிமடத்தில் ஓலைக் கொட்டகை போட்ட ஒரு பட்டறை. வாசலில் வல்லம் என்கிற மீன்பிடிப் படகின் டீசல் இன்ஜின் ஒன்று பிரித்தபடி கிடந்தது. மெக்கானிக் அண்ணன் பானெட்டைத் திறக்கும் முன்பே கேட்டார்: “கடைசியா இதுல யார் தம்பி கை வச்சது?”

போன மாதம் மதுரையில் ஒரு பட்டறையில் கார்புரேட்டர் சர்வீஸ், பின் ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு இறுக்கிப் பிடிக்கிற யூ போல்ட் புதுசு. சொன்னேன். “ம்” என்றார்.

ஸ்டார்ட் செய்து, காற்றைக் குறைக்கிற சோக்கைப் பாதி இழுத்தார். நடுக்கம் நின்றது. தள்ளினார், திரும்ப வந்தது. “பெட்ரோல் பத்தல, இல்லன்னா காத்து கூடுது” என்றார். ஸ்லோவுக்குப் பெட்ரோல் விடுகிற சிறு துளையான ஸ்லோ ஜெட் அடைத்திருந்தாலும் இப்படித்தான் இருக்குமாம். ஆனால் ஜெட்டைப் பார்க்கக் கார்புரேட்டரைப் பிரிக்க வேண்டும். ஹோஸைப் பார்க்கக் கை போதும். கார்புரேட்டர் கலவை இன்ஜினுக்குப் போகிற குழாய்தான் மேனிஃபோல்டு. இன்ஜினிலிருந்து அதற்கு வரும் தடித்த ரப்பர் ஹோஸை, மேனிஃபோல்டில் நுழைகிற இடத்தருகே துணி சுற்றிப் பிளையரால் நெரித்தார். நல்ல ஹோஸை நெரித்தால் ஓட்டம் கொஞ்சம் இறங்கும். இது ஏறியது, சீராகவும் ஆனது. ஹோஸைக் கழற்றி வளைத்துக் காட்டினார்: வளைவின் அடியில், மேலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், ஒரு விரற்கடை நீளத்துக்கு வெடிப்பு.

ஸ்லோவில் த்ராட்டில் என்கிற காற்றுக்கதவு மூடியிருக்கும், மேனிஃபோல்டுக்குள் இழுப்பு பலமாக இருக்கும். அப்போது இந்த வெடிப்பு வழியாக நுழைகிற காற்றே கலவையைக் கெடுக்கப் போதும். ஓட்டத்தில் இன்ஜின் குடிக்கிற காற்றுக்கு முன்னால் அது ஒரு கணக்கே இல்லை. ஹைவேயில் சமர்த்து, பாலத்தில் அடம். மதுரையில் லீக்கைத் தேடாமல் ஸ்லோ ஸ்க்ரூவை ஏற்றி விட்டிருக்கிறார்கள். வெடிப்பு பெரிதானதும் அதுவும் போதவில்லை. அண்ணன் வல்லத்துக்கு வைத்திருந்த ஹோஸில் ஒரு துண்டு வெட்டி, கிளாம்ப் போட்டு முறுக்கினார். அப்புறம் ஸ்க்ரூவைக் கீழே இறக்கினார்.

அடுத்து சத்தம். குடத்திலிருந்து ஒரு செம்புத் தண்ணீரை வலது பின் ஸ்பிரிங்கின் நுனியைப் பிடித்திருக்கும் ஷேக்கிள் மேல் ஊற்றி, பம்பரை அமுக்கச் சொன்னார். கிரீச் காணோம். ஷேக்கிளில் இருக்கும் ரப்பர் புஷ் காய்ந்து தேய்ந்துவிட்டது. “எண்ணெய் விட்றாதீங்க. சத்தம் போகும், ரப்பர் ஊதிக் கெட்டுரும். புஷ்ஷை மாத்துங்க.”

‘டொக்’குக்கு என்னை உட்கார வைத்து, பிரேக்கை மிதித்தபடி முதல் கியரிலும் ரிவர்ஸிலும் கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விடச் சொன்னார். அவர் பக்கவாட்டில் குந்தி, நீட்டிய விரல்களை ஸ்பிரிங் மேல் வைத்திருந்தார். மூன்றாவது முறை, “இறங்கி வாங்க தம்பி.” யூ போல்ட் நட்டைச் சுற்றிக் குங்குமம் தூவியதுபோல் மெல்லிய செந்தூள். அசைகிற இரும்பு உரசி உதிர்க்கிற துரு அது. அசையாத பழந்துரு கறுத்து ஒட்டியிருக்கும். புது யூ போல்ட் போட்டால் சில நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் திரும்ப முறுக்க வேண்டும். மதுரையில் அதைச் சொல்லித்தான் அனுப்பினார்கள். போகாதது நான். இப்படியே ஓட்டியிருந்தால் ஸ்பிரிங் பிளேட்டுகளைக் கோத்திருக்கும் சென்டர் போல்ட் அறுந்து ஆக்ஸில் இடம் மாறியிருக்கும் என்றார் நட்டை முறுக்கிக்கொண்டே, யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல.

“அப்ப உப்புக் காத்து?” மச்சான் விடவில்லை.

“அது இனிமேதான் வரும். ஊருக்குப் போனதும் நல்ல தண்ணியில அடியைக் கழுவுங்க.”

தனுஷ்கோடிக்கு அன்று மாலையே போனோம். 1964 புயலில் போன சர்ச்சின் சுவர்களைத் தாண்டி அரிச்சல்முனையில் சாலை முடிகிற வளைவில், இன்ஜினை அணைக்காமல் இறங்கி நின்றேன். ஒரு பக்கம் ஆண் கடல் அடித்துக்கொண்டிருந்தது, மறுபக்கம் பெண் கடல் குளம்போலக் கிடந்தது. ஜிப்ஸி பத்து நிமிடம் அப்படியே ஓடியது. தண்ணீர் காய்ந்ததும் கிரீச் மட்டும் திரும்ப வந்துவிட்டது.

மறுநாள் ராமநாதபுரத்தில் வாட்டர் சர்வீஸ் தேடினோம். தண்ணியில்லாக் காடு என்று பேர் வாங்கிய ஊரில், போர் தண்ணீர் உப்பாக இல்லாத இடமாகப் பார்த்து மூன்றாவது கடையில்தான் வண்டியை ஏற்றினேன். அடியிலிருந்து அரைக் கூடை தனுஷ்கோடி மணல் கொட்டியது. அது முடிகிற வரைக்கும் மச்சான் டேஷ்போர்டில் ஒரு சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தான்: இன்றைய கிலோமீட்டர், பக்கத்தில் ‘யூ போல்ட்’.