அட்வான்ஸ் கொடுக்காமல் குடிவந்தவர்

கொளத்தூருக்குப் பக்கத்தில் குடியிருப்பவனுக்கு மீன் வளர்க்கும் வியாதி வராவிட்டால்தான் ஆச்சரியம். தெருவுக்குத் தெரு தொட்டி, கவரில் மீன், பம்ப், கூழாங்கல். எனக்கு வியாதி கொஞ்சம் முற்றி, பெரம்பூர் வீட்டு ஹாலில் இரண்டரை அடிக்கு உப்புத் தண்ணீர்த் தொட்டி வைத்துவிட்டேன். ஆர்ஓ தண்ணீரில் உப்புக் கலந்து, அடர்த்தி 1.025 வருகிறதா என்று மானியில் பார்த்து, மே மாதத்தில் எங்களுக்கு ஃபேன், மீனுக்குச் சில்லர் என்று வாழ்ந்துகொண்டிருக்கிறோம். கரண்ட் பில் பற்றி இங்கே பேச வேண்டாம், என் மனைவியும் இதைப் படிக்கிறாள்.

தொட்டியில் இரண்டு க்ளவுன் மீன். வீட்டுக்கு வருகிற குழந்தைகள் எல்லாம் கேட்கும் ஒரே கேள்வி, "அங்கிள், இது படுத்துக்கிற பூ எங்கே?" அந்தப் பூ, அதாவது கடலில் க்ளவுன் மீன் குடியிருக்கும், பூ மாதிரி இருக்கிற அனிமோன் என்ற பிராணி, விலையும் அதிகம், நம் கையில் பிழைப்பதும் சந்தேகம் என்பதால் வாங்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு கடையில் பட்டன் பாலிப் என்கிற, பவளத்தின் உறவுக்காரக் குட்டி உயிர்கள் ஒட்டிய சின்னக் கல் ஒன்று வாங்கிப் போட்டேன். மூன்றாவது வாரம் அந்தக் கல்லின் இடுக்கில் ஏதோ ஆடியது. டார்ச் அடித்துப் பார்த்தால், பழுப்பு நிறத்தில் கண்ணாடி மாதிரி உடம்பு, சுற்றிலும் நூல் நூலாகக் கைகள், மொத்தமே சட்டைப் பட்டன் அளவு. அனிமோன்! இலவசமாக!

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். தமிழில் இதற்குக் கடற்சாமந்தி என்று பெயர் என்றும் சொல்லி வைத்தேன், அங்கேதான் தப்பு நடந்தது. சாமந்தி என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து அம்மாவுக்கு அது வீட்டில் பூத்த பூ. இறால் உரிக்கும்போதெல்லாம் கடுகளவு சதையைக் கிள்ளிக் கொடுப்பார், நான் இடுக்கியில் பிடித்து நீட்டுவேன், அது கைகளால் அணைத்து வாய்க்குள் இழுத்துக்கொள்ளும். க்ளவுன் மீன்கள் அதைச் சட்டையே செய்யவில்லை. அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

இரண்டு மாதத்தில் ஒன்று ஒன்பதானது. பக்கத்தில் இருந்த பட்டன் பாலிப்கள் வாயை மூடிக்கொண்டன. விசாரித்தால், வந்தவரின் பெயர் எய்ப்டேசியா, உப்புத் தண்ணீர்க்காரர்கள் பெயரைச் சொன்னாலே முகம் சுளிக்கிற களை. கொட்டும் செல்கள் உண்டு, அக்கம்பக்கத்தில் யாரையும் வாழ விடாது. சாதாரண க்ளவுன் மீன் அதில் குடியிருக்காது. இத்தனை நாள் இறால் ஊட்டி வளர்த்தது நான்.

சரி, பிடுங்கிப் போட்டால் போச்சு என்று டூத் பிரஷ்ஷை எடுத்துத் தேய்த்தேன். இதைப் படிக்கிற யாரும் இந்தக் காரியத்தை மட்டும் செய்யாதீர்கள். இது நகரும்போதே அடிப்பாதத்திலிருந்து துணுக்குகளை விட்டுவிட்டுப் போகிற ஜென்மம், ஒவ்வொரு துணுக்கும் தனி அனிமோனாக வளரும். நான் தேய்த்ததில் துணுக்குகள் அலை பம்ப் கிளப்பும் நீரோட்டத்தில் தொட்டி முழுக்கப் போய், பின்கண்ணாடி, ஹீட்டர், பம்பின் மூடி என்று எல்லா இடத்திலும் பால் காய்ச்சிக் குடியேறிவிட்டன.

அடுத்தது எலுமிச்சைச் சாறு. சிரிஞ்சில் எடுத்து உடம்புக்குள் ஏற்றினால் செத்துவிடும், உண்மைதான். சிரிஞ்ச் வாங்க மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன். மெல்லிய ஊசி, இன்சுலினுக்குப் போடுவார்களே அது வேண்டும் என்றேன்.

"யாருக்கு அண்ணா சுகர்?"

"சுகர் இல்லப்பா, மீன் தொட்டிக்கு."

"மீனுக்கு சுகரா?"

பின்னால் நின்ற நான்கு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! வீட்டுக்கு வந்து, பம்பை நிறுத்தி, தோள் வரை கையை விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊசியைக் கொண்டுபோனால், கடன் கொடுத்தவனைக் கண்டவன் மாதிரி சட்டென்று ஓட்டைக்குள் சுருங்கிக்கொள்கிறது. இரண்டை முடித்தேன். மீதி எலுமிச்சைச் சாறு தண்ணீரில் கலந்ததுதான் மிச்சம். எலுமிச்சை விற்ற விலைக்கு அன்றைக்கு எங்கள் வீட்டில் ரசத்தோடு நிறுத்திக்கொண்டோம்.

பெப்பர்மின்ட் இறால் இதைத் தின்னும் என்றார்கள். வாங்கினேன். கடைக்காரர் தெரிந்து கொடுத்தாரோ தெரியாமல் கொடுத்தாரோ, வந்தது கேமல் இறால். இரண்டும் சிவப்புக் கோடு போட்ட அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும், கேமலுக்கு முதுகில் கூன், உடம்பில் வெள்ளைக் கோடும் புள்ளியும். அது எய்ப்டேசியாவைத் தொடவில்லை, மிச்சமிருந்த பட்டன் பாலிப்பைச் சுத்தமாகத் தின்று முடித்தது.

கடைசியில் கைகொடுத்தது அம்மாவின் வெற்றிலைப் பெட்டி. இதைக் கொல்ல வெளிநாட்டுக்காரர்கள் எடுக்கிற, கால்க் என்று டப்பாவில் விற்கும் பொடி வேறொன்றுமில்லை, கால்சியம் ஹைட்ராக்சைடு, நம்ம சுண்ணாம்பு. நிறமும் வாசனையும் சேர்க்காத வெள்ளைச் சுண்ணாம்பைக் குழம்புப் பதத்துக்குக் கரைத்து, ஊசியை எடுத்துவிட்ட சிரிஞ்சால் ஒவ்வொன்றின் தலையிலும் அப்பினேன். சுருங்கிக்கொண்டாலும் ஓட்டை வாயையே சேர்த்துப் பூசிவிடலாம், அதுதான் வசதி. ஒரே நாளில் நிறையப் போட்டால் தண்ணீரின் பிஹெச் எகிறும், மீனும் சேர்ந்து போய்விடும். அதனால் நாளுக்கு நான்கு என்று கணக்கு வைத்து, கொத்தனார் மாதிரி மூன்று வாரம் பூச்சு வேலை.

"வெத்தலைக்கு வெச்ச சுண்ணாம்பை எடுத்து வாயில்லா ஜீவன் வாயில அப்புறியேடா" என்று அம்மா தினமும் திட்டுவார். அவரைச் சமாதானப்படுத்தப் போய், உலகத்தில் இதை ஆசையாக வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள், பவளமும் பாசியும் எப்படிச் சேர்ந்து வாழ்கின்றன என்று ஆராய இதைத்தான் ஆய்வுக்கூடத்தில் வைத்திருக்கிறார்கள், 2015-இல் இதன் மரபணுத் தொகுப்பையே படித்து வெளியிட்டுவிட்டார்கள் என்று சொன்னேன். அம்மா ஒன்றும் பேசவில்லை.

தொட்டி சுத்தமாகி மாதம் இரண்டாகிறது. போன வாரம் காபிப் பொடி தேடிச் சமையலறை ஜன்னல் பக்கம் போனால், பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். உள்ளே தொட்டியிலிருந்து நான் மாற்றிக் கொட்டச் சொன்ன பழைய தண்ணீர், ஒரு சின்னக் கல், கல் மேல் விரிந்த கைகளோடு அவர். பாட்டிலைச் சுற்றி ரப்பர் பேண்ட் ஒன்று மாட்டியிருக்கிறது. தண்ணீர் வற்றி அதற்குக் கீழே இறங்கினால் அம்மா குடிக்கிற தண்ணீர் ஊற்றி நிரப்புகிறார். உப்பு வற்றாது, தண்ணீர்தான் வற்றும் என்று நான் எப்போதோ சொன்னதைப் பிடித்து வைத்திருக்கிறார். பம்ப் இல்லை, சில்லர் இல்லை, ஆயிரக்கணக்கில் விளக்கு இல்லை, ஜன்னல் வெயிலும் இறால் துணுக்கும்தான்.

நேற்று எண்ணினேன், ஏழு. எதிர் வீட்டு அக்கா ஒன்று கேட்டிருக்கிறாராம்.